பொம்மை வீட்டு மரச்சாமான்கள்

குழந்தை பொம்மையைத் தூங்கவைக்கக் கட்டில் தேடுகிறது; அதற்கு உணவு படைக்க மேசை தேடுகிறது. தீப்பெட்டியும் செங்கல் துண்டுமே முதலில் அப்பணிக்கு வந்து உதவுகின்றன. பின்னர் வீட்டுப் பெரியவர் ஒருவரோ, ஊர்த் தச்சரோ ஒரு சிறு நாற்காலியைச் செய்து கொடுக்கின்றனர். சில நாட்களில் அதன் கால் ஒன்று ஒடிந்து விடுகிறது. ஒடிந்த காலைச் சிறு குழந்தை வாயில் இட்டுக்கொண்டால், விளையாட்டுப் பொருளே ஆபத்துக்குக் காரணமாகிறது. அந்தக் கால் ஏன் ஒடிகிறது, ஒடியாமல் செய்வது எவ்வாறு என்பனவற்றை ஆசிரியர்களும் களப் பணியாளர்களும் அறிந்திருத்தல் நலம். இதற்கு வேண்டிய விஞ்ஞானம் கடினமானதன்று. உயர்நிலைப் பள்ளி மாணவர்களும் சோதித்து அறியக்கூடியதே.

நம் நாட்டில் மர விளையாட்டுப் பொருள்களுக்குப் பெயர்பெற்ற இடங்கள் பல. கர்நாடகத்தில், பெங்களூரிலிருந்து மைசூர் செல்லும் சாலையில் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் உள்ள சென்னபட்டணம், ஆந்திரத்தின் கொண்டபல்லி, ஏட்டிகொப்பாக்கா, மகாராஷ்டிரத்தின் சாவந்த்வாடி, உத்தரப் பிரதேசத்தின் வாராணசி ஆகியன அவற்றுட் சில. ஐரோப்பாவில் பொம்மை வீடுகள் முதலில் செல்வரின் காட்சிப் பொருள்களாகவே இருந்தன. புதுடெல்லியை வடிவமைத்த கட்டிடக் கலைஞர் எட்வின் லட்யன்ஸ், இங்கிலாந்தின் மேரி அரசிக்காக 1924-இல் முடித்துக் கொடுத்த பொம்மை வீடு இன்றும் விண்ட்சர் கோட்டையில் காணப்படுகிறது. அதிலுள்ள பொருள்கள் யாவும் உண்மை அளவில் பன்னிரண்டில் ஒரு பங்காக அமைந்தவை. ஆயினும் அவை கண்டு மகிழ்வதற்கு உரியவை. குழந்தை கையாளும் பொருளுக்கு வேறு கணக்கு வேண்டும்.

அளவும் வலிமையும்

ஏறத்தாழ 25 செ.மீ. உயரமுள்ள பொம்மைக்கு ஆறில் ஒரு பங்கு என்ற விகிதம் பொருந்தும். நாம் அமரும் நாற்காலியில் இருக்கையின் உயரம் 45 செ.மீ. எனில், பொம்மை நாற்காலியில் அது 7.5 செ.மீ. ஆகும். மேசையின் உயரம் 75 செ.மீ. எனில், இங்கு 12.5 செ.மீ. ஆகும். இதே முறையில் 45 மி.மீ. சதுரமுள்ள நாற்காலிக் கால் 7.5 மி.மீ. சதுரமாகக் குறைகிறது. தவறு நேர்வது இந்த இடத்தில்தான்.

ஒரு பொருளின் நீளம், அகலம், கனம் ஆகிய மூன்றையும் ஆறில் ஒரு பங்காகக் குறைத்தால், அதன் எடை 216-இல் ஒரு பங்காகக் குறைகிறது. பக்கவாட்டில் தள்ளும் விசையைத் தாங்கும் திறனோ 36-இல் ஒரு பங்காகவே குறைகிறது. எனவே தன் எடையைத் தாங்குவதைப் பொறுத்தவரை, சிறிய நாற்காலி பெரியதைவிட ஆறு மடங்கு உறுதியுடையது. மேசை மீது வைத்துப் பார்க்கும் வரை அது ஒடிவதில்லை. ஆனால் அதனைப் பிடித்து இழுக்கும் கையும், தவறி மிதிக்கும் காலும் ஆறில் ஒரு பங்காகக் குறைவதில்லை. அவ்விசைக்கு எதிரே சிறிய கால் 36 மடங்கு வலிமை குன்றியது. பார்வைக்கு அழகாகவும் அளவுக்குச் சரியாகவும் அமைந்த நாற்காலி, குழந்தையின் கைக்குச் சென்றவுடன் ஒடிவதன் காரணம் இதுவே.

இதற்குரிய பரிகாரமும் இதே கணக்கில் அடங்கியுள்ளது. சதுரக் கால் ஒன்றின் வலிமை அதன் பக்க அளவின் மும்மடிப் பெருக்கத்திற்கேற்ப உயர்கிறது. 7.5 மி.மீ. காலை 12 மி.மீ. ஆக்கினால், அதன் வலிமை ஏறத்தாழ நான்கு மடங்காகிறது. ஆகவே உயரத்திலும் அகலத்திலும் விகிதத்தைக் காத்து, கனத்தில் மட்டும் தாராளமாக இருத்தல் வேண்டும். குழந்தைக்கான மரச்சாமான் சற்றுத் தடித்துத் தோன்றுவது குறையாகாது.

நார் ஓடும் திசை

மரம் எல்லாத் திசைகளிலும் ஒரே வலிமை உடையதன்று. நீண்ட நுண்குழல்கள் பல அடுக்கிக் கட்டப்பட்டது போன்ற அமைப்பு அதனுடையது. நாரின் நீளவாட்டில் இழுத்தால் அது மிகுந்த விசையைத் தாங்கும்; குறுக்குவாட்டில் இழுத்தால் எளிதில் பிளந்துவிடும். விறகைக் கோடரியால் பிளப்பவர் இதனை நன்கு அறிவர். எனவே நாற்காலிக் காலில் நார் மேலிருந்து கீழாக, முனை முதல் முனை வரை தொடர்ந்து ஓட வேண்டும். வளைந்த காலைப் பலகையிலிருந்து அறுத்தெடுத்தால், வளைவில் நார் குறுக்கே அறுபட்டு, கால் அவ்விடத்திலேயே ஒடியும்.

நார் ஓடும் திசை கண்ணுக்குப் புலப்படாத மரமும் உண்டு. அதன்மீது மெல்லிய மையில் ஒரு துளியை வைத்தால், மை நாரின் வழியே நீளமாகப் பரவித் திசையைக் காட்டும். வகுப்பில் செய்து காட்டத்தக்க எளிய சோதனை இது.

சென்னபட்டணத்திலும் ஏட்டிகொப்பாக்காவிலும் மரபாகப் பயன்படுவது ஒரே மரமாகும். கன்னடத்தில் ஹாலே என்றும், தெலுங்கில் அங்குடு என்றும் வழங்கும் அது, நம் சித்த வைத்தியர்கள் தைலத்திற்கு இலை பறிக்கும் வெட்பாலையே. அதன் மரம் வெளிர் நிறமும் நெருக்கமான, ஒரு சீரான நாரும் உடையது, கடைசலுக்கு ஏற்றது. வெட்டிய அடியிலிருந்து மீண்டும் தழைக்கும் இயல்பும் அதற்கு உண்டு. இன்று ரப்பர் மரமும் சில்வர் ஓக் மரமும் உடன் பயன்படுகின்றன. பொம்மை வீட்டுச் சாமானுக்குப் பெரிய மரம் தேவையில்லை. தச்சுப் பட்டறையில் எஞ்சும் தேக்கு, வேம்பு ஆகியவற்றின் துண்டுகளே போதும். ஆனால் பழைய வீடுகளின் வண்ணம் பூசிய கதவு, சன்னல் மரம் ஆகாது. அவ்வண்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும். பூச்சிமருந்து ஊட்டிய மரமும், முன்பு எதனை ஏற்றி வந்ததென்று தெரியாத பெட்டி மரமும் விலக்கத்தக்கவை.

ஈரமும் சுருக்கமும்

பச்சை மரத்தில் நீர் இரு வகையாக நிற்கிறது: நாரின் குழிகளில் தேங்கிய நீர் ஒன்று; நாரின் சுவர்களில் ஊறிய நீர் மற்றொன்று. முதல் வகை நீர் வெளியேறும்போது மரத்தின் எடை மட்டுமே குறைகிறது. ஈரம் ஏறத்தாழ 28 விழுக்காட்டிற்குக் கீழே இறங்கி, சுவர் நீர் வெளியேறத் தொடங்கிய பின்னரே மரம் சுருங்குகிறது. அச்சுருக்கம் நீளவாட்டில் மிகமிகக் குறைவு. ஆண்டு வளையத்தின் போக்கில் மிக அதிகம். மையத்திலிருந்து பட்டையை நோக்கிய திசையில் ஏறக்குறைய அதில் பாதி. 10 செ.மீ. அகலமுள்ள பலகை, 20 விழுக்காடு ஈரத்திலிருந்து 10 விழுக்காட்டிற்கு உலரும்போது, 3 மி.மீ. வரையில் குறுகிவிடக்கூடும். பொம்மை மேசையில் இணைப்பு விலகுவதற்கு இதுவே போதும்.

ஈரத்தை அளக்கும் முறை எளியது. மரத்துண்டு ஒன்றை நிறுத்து, பின்னர் 103 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள உலர்த்தும் அடுப்பில் எடை மேலும் குறையாத நிலை வரும்வரை உலர்த்தி, மீண்டும் நிறுக்க வேண்டும். இழந்த எடையை உலர்ந்த எடையால் வகுத்து நூறால் பெருக்கினால் ஈர விழுக்காடு கிடைக்கும். 56 கிராம் துண்டு உலர்ந்து 50 கிராம் ஆயின், ஈரம் 12 விழுக்காடு. கருவி இல்லாத இடத்தில், துண்டுகளை இடையிடையே குச்சி வைத்து நிழலில் அடுக்கி, வாரம் ஒருமுறை ஒரு துண்டை நிறுத்து வரலாம். எடை மாறாது நின்றால் மரம் அவ்வூர்க் காற்றுக்கு இசைந்துவிட்டது எனக் கொள்ளலாம். வெட்டு முனைகளில் மெழுகு பூசி வைத்தால் அவை விரைந்து உலர்ந்து வெடிப்பதில்லை.

நாற்காலி செய்யும் முறை

மேற்கூறிய விதிகள் யாவும் ஒரு நாற்காலியில் அடங்கும். வேண்டிய துண்டுகள் நான்கு: 7.5 செ.மீ. சதுரமும் 15 மி.மீ. கனமும் உள்ள இருக்கைப் பலகை ஒன்று, 15 செ.மீ. உயரம், 7.5 செ.மீ. அகலம், 10 மி.மீ. கனம் உள்ள முதுகுப் பலகை ஒன்று, 12 மி.மீ. சதுரமும் 7.5 செ.மீ. நீளமும் உள்ள முன்கால்கள் இரண்டு. முதுகுப் பலகை தரைவரை இறங்குவதால் பின்கால்களாகவும் அதுவே பயன்படும். இவ்வாறு ஒடியக்கூடிய உறுப்புகள் இரண்டு குறைகின்றன.

முதுகுப் பலகையில் நார் மேலிருந்து கீழாகவும், இருக்கையில் முன்னிருந்து பின்னாகவும் ஓட வேண்டும். அப்பொழுது இரு பலகைகளும் ஒரே திசையில் விரிந்து சுருங்கும், இணைப்பு நெகிழாது. முன்கால்களின் மேல்முனையை 15 மி.மீ. நீளத்திற்கு 10 மி.மீ. உருண்டையாகச் செதுக்குக. இருக்கையின் முன் மூலைகளில், இரு விளிம்புகளிலிருந்தும் 15 மி.மீ. தள்ளித் துளையிட்டு, வச்சிரமோ வெள்ளைப் பசையோ தடவி அம்முனைகளைப் பொருத்துக. விளிம்பை மேலும் நெருங்கித் துளையிட்டால் பலகை பிளக்கும். பின்னர் முதுகுப் பலகையின் வழியாக இருக்கைக்குள் 6 மி.மீ. மரமுளைகள் இரண்டினைப் பசையுடன் செலுத்துக. அறுபட்ட நார்முனையில் பசை மட்டும் நன்கு பற்றாது. முளையே அவ்விணைப்பைத் தாங்குகிறது.

முளைகளையும் காலின் உருண்டை முனைகளையும் பொருத்துமுன் ஓரிரு நாள் வெயிலில் நன்கு உலர்த்துதல் நன்று. துளைக்குள் சென்றபின் அவை சிறிது ஈரம் ஏற்றுப் பருத்து, இணைப்பை இறுக்கும். ஆணி அடித்தல் கூடாது. மெல்லிய மரத்தை ஆணி பிளக்கும். நாளடைவில் கழன்று குழந்தையின் கையைக் கிழிக்கும். மூலைகளை அரத்தால் உருட்டி, உப்புத்தாளால் நாரின் போக்கிலே தேய்த்து முடிக்க வேண்டும்.

வண்ணமும் மெருகும்

சென்னபட்டணத்துப் பொருள்களின் பளபளப்பு அரக்கினால் வருவது. பலாசு, இலந்தை, பூவம் முதலிய மரங்களில் வாழும் நுண்ணிய பூச்சி சுரக்கும் பிசினே அரக்கு. நம் நாட்டில் இது மிகுதியாகக் கிடைப்பது ஜார்க்கண்டில். நிறம் கலந்த அரக்குக் குச்சியைக் கடைசலில் சுழலும் மரத்தின்மீது அழுத்தினால், உராய்வின் வெப்பத்தால் அரக்கு இளகி மரத்தில் படிகிறது. பின்னர்த் தாழை மடலை வைத்து அழுத்தி மெருகேற்றுகின்றனர். ஏட்டிகொப்பாக்காவில் விதை, பட்டை, வேர், இலை ஆகியவற்றிலிருந்து எடுக்கும் சாயங்களை அரக்கோடு கலக்கின்றனர்.

தட்டையான பலகைக்குக் கடைசல் உதவாது. சாராயத்தில் கரைத்த அரக்கைத் துணியால் மெல்லியதாகப் பூசி உலர்த்தலாம். இதனைப் பெரியவர்களே, காற்றோட்டமான இடத்தில், நெருப்பின்றிச் செய்ய வேண்டும். ஆளிவிதை எண்ணெய் பூசுவோர் எண்ணெய் தோய்ந்த துணியைக் குவித்து வைத்தலாகாது. அது தானே சூடேறித் தீப்பற்றக்கூடும்.

மலிவான மஞ்சள், செம்மஞ்சள் வண்ணங்களில் ஈயக் குரோமேட் இருப்பதுண்டு. ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் குன்றச் செய்யும்; இவ்வளவு வரை தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவே அதற்கு இல்லை. வீட்டு வண்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்கிற்கு மேல் இருத்தல் கூடாதென்ற 2016-ஆம் ஆண்டு விதி, 2017 நவம்பர் முதல் நடைமுறையில் உள்ளது. எனினும் பெயர் விவரமற்ற வண்ணத்தை நம்புதல் தகாது. ஐயம் எழுமிடத்து மரத்தை வண்ணமின்றி விட்டுவிடுவதே மேல்.

பாதுகாப்பு

விளையாட்டுப் பொருள்களுக்கான தரக் கட்டுப்பாட்டு ஆணை 2021 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. விற்பனைக்கு வரும் விளையாட்டுப் பொருள்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமாயிற்று. கைவினைப் பொருள் வளர்ச்சி ஆணையரிடம் பதிவுபெற்ற கைவினைஞர்கள் செய்து விற்கும் பொருள்களுக்கும், புவிசார் குறியீடு பெற்ற பொருள்களுக்கும் விலக்கு அளிக்கப்பட்டது. முத்திரைக்கு விலக்கு இருப்பினும், பாதுகாப்பில் கவனம் குறைதல் கூடாது.

மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்குரிய பொருளில், 31.7 மி.மீ. விட்டமுள்ள சோதனைக் குழலுக்குள் முழுதும் அடங்கும் துண்டு எதுவும் இருத்தல் கூடாது என்பது தரநூல் கூறும் விதி. தொண்டையை அடைக்கக்கூடிய துண்டுகளைக் கண்டறிவதற்கான சோதனை இது. மேலே கூறிய முளை அக்குழலுக்குள் அடங்கிவிடும். எனவே அந்நாற்காலி மூன்று வயதைக் கடந்தோர்க்கே உரியது. அதனினும் சிறிய குழந்தைகளுக்கு, கட்டிலையும் நாற்காலியையும் கை அளவான ஒரே மரத்துண்டில் செதுக்கிக் கொடுக்கலாம். எப்பொருளையும் குழந்தையிடம் தருமுன், மேசை உயரத்திலிருந்து பலமுறை கீழே விழச் செய்தும், இழுத்தும், முறுக்கியும் பார்த்தல் வேண்டும். வாரம் ஒருமுறை சோதித்து, ஆடும் உறுப்புடையதை அகற்றிவிட வேண்டும்.

விளையாட்டுப் பொருள்களின் வழியே கற்பித்தலை 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை வரவேற்கிறது. மூத்த மாணவர்கள் அங்கன்வாடிக்காக ஒரு கட்டிலும் மேசையும் செய்து அளிப்பார்களாயின், விகிதக் கணக்கையும் விசையின் இயல்பையும் மரத்தின் அமைப்பையும் ஒருங்கே கற்பர். ஊர்த் தச்சரை ஒருநாள் வகுப்பிற்கு அழைத்து, அவர் நார் பார்த்து மரம் தேர்வதை மாணவர்கள் காணச் செய்வது இப்பாடத்தின் சிறந்த தொடக்கமாகும்.