விழுந்த கோபுரத்துக்கு ஈடு கொடுக்கும் இலேசான கம்பம்

டில்லியில் 2014-ம் ஆண்டு மே மாதம் 30-ந் தேதி மாலை அடித்த புழுதிப் புயலைத் தலைநகர்வாசிகள் பலர் மறந்திருக்க மாட்டார்கள். பொழுது சாய்வதற்கு முன்பே ஊர் இருண்டது. மரங்கள் சாய்ந்தன. மெட்ரோ ரயில்கள் நின்றன. காற்று ஓய்ந்த பிறகுதான் உண்மையான கஷ்டம் ஆரம்பமாயிற்று. நகருக்கு மின்சாரம் கொண்டுவரும் உயர் அழுத்தப் பாதைகளில் சில கோபுரங்கள் விழுந்துவிட்டன. ஜூன் மாதத்து வெயில் 45 டிகிரியைத் தாண்டிக் கொளுத்திய நாட்களில், பல பேட்டைகளில் மணிக்கணக்கில் விசிறி சுழலவில்லை, குழாயில் தண்ணீர் ஏறவில்லை. பொறுமை இழந்த மக்கள் தெருவுக்கு வந்து மறியல் செய்தார்கள்.

காற்று வீசியது சிறிது நேரம்தான். அவதி மட்டும் ஏன் இத்தனை நாள் நீடித்தது என்று அப்போது பலரும் கேட்டார்கள். சாலையில் விழுந்த மரத்தை ஒரே இரவில் அறுத்து அகற்றிவிடலாம். விழுந்த மின் கோபுரத்தை அப்படி ஒரே இரவில் எழுப்பிவிட முடியாது. விடை அதில்தான் இருக்கிறது.

வாரக்கணக்கு ஏன்?

ஊருக்கு வெளியே வயல்களின் நடுவில் வரிசையாக நிற்கும் கோபுரங்களை ரயிலில் வரும்போது பார்த்திருப்பீர்கள். இரண்டு லட்சம், நான்கு லட்சம் வோல்ட் மின்சாரத்தைச் சுமக்கும் கம்பிகள் அவற்றில்தான் தொங்குகின்றன. ஒரு கோபுரத்துக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறக்குறைய 300 முதல் 400 மீட்டர் தூரம். அவ்வளவு நீளக் கம்பியின் எடையையும், அதன்மீது காற்று தரும் தள்ளுதலையும் ஒவ்வொரு கோபுரமும் தாங்கியாக வேண்டும்.

இப்படிப்பட்ட கோபுரம் ஒன்று விழுந்தால், முதலில் முறுக்கிக் கிடக்கும் இரும்பை அகற்ற வேண்டும். பிறகு நான்கு கால்களுக்கும் குழி தோண்டிக் கான்கிரீட் போட வேண்டும். கான்கிரீட் அதற்குரிய முழு பலத்தையும் அடைவதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காலம் 28 நாள். அதோடு கோண இரும்புகள் அந்தந்த அளவில் அறுக்கப்பட்டு, துளையிடப்பட்டு, துத்தநாகம் பூசப்பட்டுத் தொழிற்சாலையிலிருந்து வந்து சேர வேண்டும். அதன் பிறகே கோபுரம் எழும்பும், கம்பி ஏறும். அவசரம் என்பதற்காகக் கான்கிரீட் சீக்கிரம் இறுகிவிடாது.

சரி, நிரந்தரக் கோபுரம் நிற்கும் வரை கம்பியைத் தூக்கிப் பிடித்துக்கொள்ள வேறு ஏதாவது கிடைக்காதா? கிடைக்கும். லாரியில் ஏற்றிச் செல்லக்கூடிய, துண்டு துண்டாகக் கழற்றிப் பூட்டக்கூடிய, இலேசான கம்பம் அது. அவசர மீட்புக் கம்பம் என்று அதைச் சொல்லலாம். இத்தகைய கம்பங்களை உலகில் வெகு சில நிறுவனங்களே தயாரித்து வந்தன. நம் நாடும் அவற்றை அதிக விலை கொடுத்து இறக்குமதி செய்துகொண்டிருந்தது.

தரமணியில் பிறந்த கம்பம்

இந்த நிலையை மாற்றும் காரியத்தில் இறங்கியது சென்னை தரமணியில் உள்ள கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையம். டில்லி ரஃபி மார்க்கில் தலைமையகம் கொண்ட விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சிக் கவுன்சிலைச் சேர்ந்த ஆய்வுக்கூடங்களில் அது ஒன்று. மின் கோபுரங்களை முழு உருவில் நிறுத்தி, சுமை ஏற்றிச் சோதித்துப் பார்க்கும் நிலையம் ஒன்றையும் அந்த மையம் நடத்திவருகிறது.

அங்கு உருவான உள்நாட்டுக் கம்பத்தைத் தயாரிக்கும் உரிமை 2020-ம் ஆண்டு ஆமதாபாத் நிறுவனம் ஒன்றுக்கு வழங்கப்பட்டது. இறக்குமதிக் கம்பத்தின் விலையில் சுமார் 40 சதவிகிதத்திலேயே இதைச் செய்துவிடலாம் என்று அப்போது அறிவிக்கப்பட்டது. விழுந்த பாதையில் இரண்டு மூன்று நாட்களுக்குள் மின்சாரத்தைத் திரும்பக் கொண்டுவர முடியும். 33 ஆயிரம் வோல்ட் பாதை முதல் 8 லட்சம் வோல்ட் பாதை வரை, தேவைக்கு ஏற்றபடி உயரத்தையும் அமைப்பையும் மாற்றிக்கொள்ளலாம். வேலை முடிந்ததும் கழற்றி அடுக்கி, அடுத்த புயலுக்கு மறுபடி பயன்படுத்தலாம். சாதாரணக் கருவிகளும் அடிப்படைப் பயிற்சியும் இருந்தாலே நிறுத்திவிடலாம் என்பது இதன் இன்னொரு சிறப்பு.

எடையா, அமைப்பா?

இலேசானது எப்படி உறுதியாக இருக்கும் என்ற சந்தேகம் எழுவது இயற்கை. டில்லியில் உயரம் என்றாலே நம் நினைவுக்கு வருவது குதுப் மினார். 72.5 மீட்டர் உயரம். அடியில் 14 மீட்டருக்கு மேல் குறுக்களவு. உச்சியில் அது மூன்று மீட்டருக்கும் குறைவு. கல்லின் எடையே அதைக் காக்கிறது. ஆயினும், 1368-ல் இடி விழுந்து மேல்நிலை சேதமாகி, பெரோஸ் ஷா துக்ளக் அதைப் பழுது பார்க்க நேர்ந்தது. 1803-ம் ஆண்டுப் பூகம்பத்திலும் உச்சி மண்டபம் விழுந்தது. எடையும் ஓர் அளவு வரையில்தான் காக்கும்.

நம் ஊர் மூங்கில் வேறு வழியைக் காட்டுகிறது. அது உள்ளே வெறுமை, இடையிடையே கணு. ஆனாலும் கோயில் கோபுரத் திருப்பணிக்குச் சாரம் கட்டுகிறவர்கள் அதை நம்பித்தான் மேலே ஏறுகிறார்கள். பலம் தரும் பொருள் நடுவில் குவியாமல் ஓரத்தில் விலகி நிற்பதுதான் அதன் ரகசியம். ஒரு பிளாஸ்டிக் அளவுகோலை நிறுத்தி மேலிருந்து அழுத்திப் பாருங்கள். அது நசுங்காது, நடுவில் பிதுங்கி வளையும். உயரமான கம்பங்கள் பெரும்பாலும் இப்படி வளைந்துதான் வீழ்கின்றன. இந்தக் கணக்கைப் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே ஆய்லர் என்ற சுவிஸ் கணித மேதை வகுத்துவிட்டார். தடியின் நீளம் இரு மடங்கானால், வளையாமல் அது தாங்கும் சுமை நாலில் ஒரு பங்காகிவிடும்.

பரிகாரமும் அதே கணக்கில் உண்டு. ஒரே எடையுள்ள உலோகத்தை ஒரு தடியாகத் திரட்டாமல், நான்கு மெல்லிய கால்களாகப் பிரித்து நான்கு மூலைகளில் நிறுத்த வேண்டும். கால்களுக்கு இடையே உள்ள தூரத்தை இரட்டித்தால் கம்பத்தின் விறைப்பு நான்கு மடங்காகும். கூடுதல் உலோகம் அதிகம் தேவையில்லை, குறுக்குச் சட்டங்கள் கொஞ்சம் நீளும், அவ்வளவுதான்.

அந்தக் குறுக்குச் சட்டங்களும் வீண் இல்லை. நாலு மரச்சட்டங்களை மூலைக்கு ஓர் ஆணி அடித்துச் சதுரமாகச் சேர்த்தால், தள்ளியதும் அது சாய்ந்துவிடும். கோணலாக இன்னொரு சட்டம் அடித்தால் அசையாது. ஏனெனில் சதுரம் இப்போது இரண்டு முக்கோணங்களாகிவிட்டது. பக்கங்களின் நீளம் மாறாதவரை முக்கோணத்தின் உருவமும் மாறாது. நீண்ட கால் ஒன்று இந்தச் சட்டங்களால் பல குட்டைக் கால்களாகப் பிரிந்துவிடுகிறது என்பது இன்னொரு லாபம்.

கம்பத்தை எஃகில் செய்யலாம், அலுமினியக் கலவையிலும் செய்யலாம். அலுமினியத்தின் எடை எஃகில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் விறைப்பும் மூன்றில் ஒரு பங்குதான். எனவே உலோகத்தை மாற்றிவிட்டு அதே வடிவத்தை வைத்துக்கொண்டால் கம்பம் மூன்று மடங்கு வளையும். கால்களை இன்னும் விலக்கி வைத்தே அதை ஈடுகட்டுகிறார்கள்.

காற்றின் கணக்கு

டில்லியில் கடல் இல்லை, புயலுக்கு என்ன பயம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். இந்தியத் தர நிர்ணய நிறுவனத்தின் 1987-ம் ஆண்டுக் காற்றுச்சுமை விதிப் பதிப்பைப் பார்த்தால் அந்த எண்ணம் மாறும். கட்டடக் கணக்குக்காகச் சென்னைக்கு அதில் குறித்த அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர். டில்லிக்கு 47 மீட்டர், அதாவது மணிக்கு 169 கிலோமீட்டர். அந்த வேகத்தில் ஒவ்வொரு சதுர மீட்டர் பரப்பின்மீதும் சுமார் 135 கிலோ எடைக்குச் சமமான அழுத்தம் விழும். ஒரு வீட்டுக் கதவின்மீது நாலு ஆட்கள் ஒன்றாகச் சாய்ந்தால் எப்படியோ அப்படி. வேகம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்கு.

சட்டங்களுக்கு இடையே வெளி விட்டுக் கட்டிய கம்பத்தில் காற்றின் பெரும்பகுதி புகுந்து போய்விடுகிறது. மூடிய பரப்பு என்ன செய்யும் என்பதை 2024 மே 13-ந் தேதி மும்பை காட்கோபரில் நாடே பார்த்தது. பெட்ரோல் பங்க் மீது சரிந்த அந்த ராட்சத விளம்பரப் பலகையின் அகலமும் உயரமும் சுமார் 120 அடி. பலியானோர் 17 பேர்.

ஸ்டே கம்பியின் காவல்

அவசரக் கம்பத்துக்கு ஆழமான அஸ்திவாரம் கிடையாது. உறுதியான தரையில் ஒரு தகடு, அதன்மேல் கீல் போன்ற ஒரு மூட்டு, அதன்மேல் கம்பம். அடியில் இறுகப் பூட்டாததால் அங்கே வளைக்கும் விசை சேர்வதில்லை. பல திசைகளிலும் தரையில் நங்கூரமிட்ட ஸ்டே கம்பிகள்தான் அதை நிமிர்த்திப் பிடிக்கின்றன.

துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றுவதற்குச் சிறிய துணைக்கம்பமும் கப்பியும் போதும். வாகனம் போக முடியாத சேற்று வயலிலும் துண்டுகளைச் சுமந்து சென்றுவிடலாம். இரும்பு பற்றாக்குறையான காலத்தில் ரஷ்யப் பொறியாளர் ஷூகோவ், மாஸ்கோவில் சுமார் 150 மீட்டர் உயர வானொலிக் கோபுரத்தை இந்த வழியில்தான் எழுப்பினார். அதன் அடுக்குகளைத் தரையிலேயே பூட்டி, நின்றுகொண்டிருந்த அடுக்கின் உள்ளே வைத்து மேலே இழுத்து ஏற்றினார்கள். 1922-ல் முடிந்த அந்தக் கோபுரம் இலேசான அமைப்புக்கு உலகறிந்த உதாரணமாயிற்று.

ஆனால் இலேசான கம்பம் ஒழுங்கை எதிர்பார்க்கிறது. போலந்து நாட்டில் 1974-ல் கட்டி முடிக்கப்பட்ட வானொலிக் கம்பம் 646 மீட்டர் உயரம். அந்நாளில் உலகிலேயே உயரமானது அதுதான். 1991 ஆகஸ்ட் 8-ந் தேதி அதன் ஸ்டே கம்பிகளை மாற்றிக்கொண்டிருந்தபோது அது வளைந்து முறிந்து விழுந்தது. பதினேழு ஆண்டுக் காற்றைத் தாங்கி நின்ற கம்பம், பராமரிப்பு வேலையில் நேர்ந்த பிசகில் போயிற்று. ஒவ்வொரு ஸ்டேயிலும் இழுவை சமமாக இருக்கிறதா, ஒவ்வொரு போல்ட்டும் இறுகியிருக்கிறதா என்று பார்க்கிற கண்தான் இந்தக் கம்பங்களின் அஸ்திவாரம். மேலே ஏறி நிற்கும் லைன்மேனின் உயிரும் அதில்தான் இருக்கிறது.

கிடங்கில் தூங்கும் பெட்டிகள்

நமக்கு முக்கியமான விஷயம் இனிமேல்தான். மத்திய மின்சார ஆணையம் 2010-ல் வெளியிட்ட மின்தொகுப்புத் தர விதிகள், நான்கு லட்சம் வோல்ட்டும் அதற்கு மேலும் உள்ள பாதைகளுக்கும், முக்கியமான 220 ஆயிரம் வோல்ட் பாதைகளுக்கும் அவசர மீட்புக் கம்ப ஏற்பாடு இருக்க வேண்டும் என்கின்றன. மலை மந்திருக்குப் போகும் வழியில் ராமகிருஷ்ணபுரம் சேவா பவனைக் கடந்து செல்லும் தமிழன்பர்கள், அந்த ஆணையத்தின் பெயர்ப்பலகையைப் பலமுறை பார்த்திருப்பார்கள்.

விதி இருப்பது நல்லதே. ஆனால் இந்தக் கம்பம் வருஷத்தில் பெரும்பாலான நாட்கள் கிடங்கில் சும்மா கிடக்கும் பொருள். தணிக்கைக்கு வருகிறவர் கண்ணுக்கு அது முடங்கிய பணமாகத் தெரியலாம். நிதி நெருக்கடியில் முதலில் தள்ளிப்போகும் செலவும் இப்படிப்பட்டதாகவே இருக்கும். ஒரு பெட்டியில் நாலு போல்ட் குறைந்தாலும், ஸ்டே கம்பி துருப்பிடித்தாலும் புயல் வரும் வரை யாருக்கும் தெரியாது. தெரியும்போது கடை திறந்து வாங்க நேரம் இருக்காது. ஆகவே, பொருளை எண்ணிப் பதிவேட்டில் கையெழுத்திடும் ஸ்டோர் குமாஸ்தாவும், வருஷத்துக்கு ஒருமுறை கம்பத்தை வெளியே எடுத்துப் பூட்டிப் பழகும் தொழிலாளியும், அதை வடிவமைத்த விஞ்ஞானிக்குச் சமமாக இதில் பங்கு பெறுகிறார்கள்.

2018 நவம்பர் 16-ந் தேதி வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா புயல், நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டைப் பகுதிகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தது. ஊரில் பெற்றோரை விட்டு வந்து இங்கே வேலை பார்க்கும் டெல்டாக்காரர்கள், போன் கிடைக்காமல் தவித்த அந்த நாட்களை அறிவார்கள். தெருக்கம்பங்களுக்கு இந்த அவசரக் கம்பம் மாற்று ஆகாது என்பது உண்மை. அவற்றை ஒவ்வொன்றாக நட்டே ஆக வேண்டும். ஆனால் பெரும் பாதை விழுந்திருந்தால், தெருவில் எத்தனை கம்பம் நட்டாலும் விளக்கு எரியாது. முதலில் நிமிர வேண்டியது பெரும் பாதை.

ஒரு பாதை மூன்று நாளில் நிமிர்வதற்கும் மூன்று வாரத்தில் நிமிர்வதற்கும் உள்ள வித்தியாசம், கைக்குழந்தை உள்ள வீட்டுக்கும், மருந்துக் கடையின் குளிர்பெட்டிக்கும், ஆஸ்பத்திரியின் ஜெனரேட்டருக்கும் நன்றாகத் தெரியும். தரமணியில் போட்ட கணக்கு சரியாகவே இருக்கிறது. அதன் பலன் நம் வீட்டு விளக்குக்கு வந்து சேருமா என்பதைக் கிடங்கில் இருக்கும் பெட்டிகளின் எண்ணிக்கைதான் தீர்மானிக்கும்.