கல்யாண் சந்தை – 9: நாகா போயிற்று, எல்லை நிற்கிறது

கல்யாண் என்றதும் ரயில் சந்திப்புதான் நினைவுக்கு வரும். ஆனால் ரயிலுக்கு வெகுகாலம் முன்பே இது துறைமுகம். கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட ‘எரித்ரேயக் கடல் பெரிப்ளஸ்’ இதைக் ‘கல்லியேனா’ என்கிறது. முறையான சந்தையாக இருந்த இந்த ஊர் வேறொருவர் ஆட்சிக்குப் போனதும் வியாபாரம் முடங்கியது. இங்கு வந்து சேரும் கிரேக்கக் கப்பல்களைக் காவல் போட்டு பரூச்சுக்குக் கொண்டுபோய்விடுவார்களாம்.

நம் காலத்தில் வியாபாரத்தை மறித்தது ஆக்ட்ராய் நாகா, அதாவது நகர நுழைவு வரிச் சாவடி. கல்யாணிலிருந்து தாராவிக்குச் சரக்கு ஏற்றிவரும் டெம்போ முலுண்டில் நிற்க வேண்டும். பில்லையும், லாரி ரசீதான பில்டியையும் காட்டி, சரக்கு மதிப்புக்கு ஏற்ற வரியைக் கட்டினால்தான் மும்பைக்குள் நுழையலாம். 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்தபோதுதான் மும்பையில் இது ஒழிந்தது. ஜி.எஸ்.டி. மீது எனக்கு எத்தனையோ குறைகள் உண்டு. இந்த நன்மையை மட்டும் மறுக்கவே மாட்டேன்.

ஆனால் சாலையில் நின்ற தடை போன பிறகும் சட்டத்தில் ஒரு தடை இருக்கிறது. கல்யாணில் வீட்டிலேயே முறுக்கும் தட்டையும் சுட்டு, பொட்டலம் கட்டி விற்கும் ஒரு தமிழ்ப் பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டு விற்பனை ரூ.40 லட்சத்தைத் தாண்டாதவரை ஜி.எஸ்.டி. பதிவு வேண்டாம். எழுநூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் நாக்பூருக்கும் தாராளமாக அனுப்பலாம், அதுவும் மகாராஷ்டிரம்தானே. அதில் கால்வாசித் தொலைவுகூட இல்லாத, ஆனால் குஜராத்தில் இருக்கும் வாபிக்கு ஒரு கிலோ விற்றால் பதிவு கட்டாயம். சென்னைக்கு விற்றாலும் அப்படியே. பதிவு செய்துவிட்டால் பக்கத்து வீட்டுக்கு விற்கும் முறுக்குக்கும் வரி உண்டு. விற்பனையே இல்லாத காலத்துக்கும் ரிட்டர்ன் போட வேண்டும். சிறு வணிகருக்கான காம்போசிஷன் திட்டத்தில் சேரலாம் என்றால், வெளிமாநில விற்பனைக்கு அங்கே இடமில்லை. 2023 அக்டோபர் முதல் பதிவில்லாத சிறு விற்பனையாளர்கள் ஆன்லைன் தளங்களில் விற்கலாம் என்றார்கள். அதுவும் சொந்த மாநிலத்துக்குள் மட்டும்.

ஜி.எஸ்.டி., பொருள் போய்ச் சேரும் மாநிலத்துக்குரிய வரி. வருவாய் கைநழுவும் என்று மாநிலங்கள் அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் 27 தனித்தனி நாடுகள் சேர்ந்த ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் இதே அச்சம் இருந்தது. 2025 ஜனவரி 1 முதல் அங்கே, ஒன்றியம் முழுவதுமான ஆண்டு விற்பனை ஒரு லட்சம் யூரோவைத் தாண்டாத சிறு நிறுவனம், மற்ற நாடுகள் தங்கள் சிறு வணிகர்களுக்குத் தரும் வரிவிலக்கையும் கேட்டுப் பெறலாம். நாட்டு எல்லை தாண்டி அவர்களால் முடிவது, ஒரே நாட்டுக்குள் நம்மால் ஏன் முடியாது?

வாங்குபவருக்கு நம் சட்டம் இந்த எல்லையை எப்போதோ நீக்கிவிட்டது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சூரத்திலிருந்து வந்த சேலை கிழிந்திருந்தால் கல்யாண்வாசி தன் மாவட்டமான தாணேயிலேயே வழக்குப் போடலாம். விற்பவருக்கும் முன்மாதிரி இல்லாமலில்லை. கையால் செய்த தோல் பைகளும் மண்பாண்டங்களும் வெளிமாநிலத்துக்குப் போவதற்குப் பதிவு விலக்கு இருக்கிறது. தாராவியின் தோல் தொழிலாளிக்கும் கும்பார்வாடாவின் குயவருக்கும் கிடைத்த அந்தச் சலுகை, அடுப்படியில் உழைக்கும் பெண்ணுக்கும் வேண்டும். ஜி.எஸ்.டி. கவுன்சில் ரூ.40 லட்சம் வேண்டாம், ரூ.10 லட்சம் வரையிலாவது வெளிமாநில விற்பனைக்கு இந்த விலக்கைத் தரட்டும்.

(தொடரும்)