உங்களுக்குத் தெரியுமா? சமாதிகளுக்கு நடுவே ஒரு பழத்தோட்டம்

தண்ணீர், மாவு அரைக்கும் ஆலை, தோட்டம் எல்லாம் மடத்து மதிலுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்கிறது, 6-ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் புனித பெனடிக்ட் எழுதிய ஒழுங்குநூல். துறவிகள் வெளியே சுற்றச் சாக்கே இருக்கக் கூடாதாம்! மடத்துக் கருவிகளைப் பலிபீடப் பாத்திரங்களைப் போலப் பேண வேண்டும். சாப்பாட்டு நேரமும் பருவத்தோடு மாறும். ஈஸ்டர் முதல் பெந்தகோஸ்து வரை நண்பகலில் உணவு, மாலையிலும் உண்டு. தவக்காலத்திலோ பொழுது சாயும்வரை பட்டினி. சமைத்த பதார்த்தம் இரண்டு, பழமோ பிஞ்சுக் காயோ கிடைத்தால் மூன்றாவது.

சுவிட்சர்லாந்தின் செயின்ட் காலன் மட நூலகத்தில், இப்படிப்பட்ட ஒரு மடத்துக்காக 9-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வரைந்த வரைபடம் ஒன்று இருக்கிறது. ஐந்து தோல் துண்டுகளைத் தைத்துச் சேர்த்தது. மருத்துவர் வீட்டை ஒட்டி மூலிகைக்கு 16 பாத்திகள், காய்கறிக்குத் தனியே 18. அசரவைப்பது கல்லறைதான். துறவிகளின் சமாதிகளுக்கு இடையிடையே ஆப்பிள், பேரி, பிளம், அத்தி, வாதுமை என்று மரங்கள். செத்தவர்களுக்கும் பழத்துக்கும் ஒரே இடம். இவ்வளவு நுணுக்கமாகத் திட்டமிட்டும், அந்த வரைபடத்தின்படி ஒரு மடம்கூட அன்று கட்டப்படவில்லை. அது வரையப்பட்டதாகக் கருதப்படும் ஜெர்மனியின் ரைஹெனாவ் தீவில் காய்கறி விவசாயம் மட்டும் இன்றும் நடக்கிறது.