ஒரே பானைச் சோறு

'ஒரே பானைச் சோறு உண்டவர்கள்' என்பது கொரிய மொழியில் வழங்கும் மரபுத்தொடர். ஒரு வீட்டில் வாழ்பவர், ஓர் அலுவலகத்தில் நெடுநாள் உடனுழைத்தவர், ஒரே அணியில் ஆடியவர் ஆகியோரை அது குறிக்கும். குடும்பத்தாரைச் சுட்டும் 'ஷிக்கு' என்னும் சொல்லும் 'உண்ணும் வாய்' என்ற பொருளிலிருந்து பிறந்ததே. சேர்ந்து உண்ணுதலை உறவின் அளவுகோலாகக் கொண்ட அம்மொழி பேசும் தென்கொரியாவில், பல்கலைக்கழகத்தில் புதிதாகச் சேரும் மாணவர் பெரும்பாலோர் மேற்கொள்ளும் பயணம் ஒன்றுண்டு. அதன் பெயர் எம்.டி. மெம்பர்ஷிப் டிரெயினிங் என்னும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளால் அப்பெயர் அமைந்தது. எனினும் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டோரிடையே இத்தகைய பயணத்துக்கு அப்பெயர் வழங்குவதில்லை. கொரியர் தாமே புனைந்துகொண்ட சொற்சேர்க்கை அது. பெயரில் பயிற்சி உண்டேயன்றி, பயணத்தில் பாடமும் இல்லை, தேர்வும் இல்லை. ஒரு துறையின் மாணவர்கள் அல்லது ஒரு மன்றத்தின் உறுப்பினர்கள் வார இறுதியில் நகரைவிட்டு வெளியேறி, ஓரிரவு ஒரே கூரையின்கீழ்த் தங்கி, தாமே சமைத்து உண்டு, மறுநாள் திரும்புவர். அவ்வளவே.

அவ்வளவே என்று சொல்லிவிட்டாலும், வேற்று நாட்டிலிருந்து படிக்க வந்த மாணவருக்கு அந்த ஓரிரவு எளிதானதன்று. தென்கொரியாவில் பயிலும் அயல்நாட்டு மாணவரின் எண்ணிக்கை 2024ஆம் ஆண்டில் இரண்டு இலட்சத்தைக் கடந்தது. 2027ஆம் ஆண்டுக்குள் அதனை மூன்று இலட்சமாக உயர்த்துவது அந்நாட்டு அரசின் இலக்கு. அவர்களுள் பலர் வகுப்பறையில் விரிவுரையைப் புரிந்துகொள்ளும் அளவுக்குக் கொரிய மொழி கற்றவர்களே. ஆயினும், வகுப்பு முடிந்தபின் உடன்பயில்வோர் விரைந்து பேசிச் சிரிக்கும் பேச்சு அவர்களுக்கு எட்டுவதில்லை. ஒரே வகுப்பில் மாதக்கணக்கில் அமர்ந்தும் ஒருவரோடும் பழகாமல் நாடு திரும்பியவரும் உண்டு. அத்தகையோருக்கு எம்.டி. ஒரு வாயில்; சில வேளைகளில் அது இடிக்கும் வாயிலும்கூட.

ஆற்றங்கரை ஊர்கள்

தென்கொரியக் கல்வியாண்டு மார்ச்சு மாதத்தில் தொடங்குகிறது. குளிர் முழுதும் நீங்காத அம்மாதத்திலும் ஏப்பிரலிலும் சியோல் நகர மாணவர்கள் கிழக்கு நோக்கிப் பயணப்படுவர். சியோலையும் சுன்சோன் நகரையும் இணைக்கும் கியோங்சுன் இருப்புப்பாதை 1939இல் திறக்கப்பட்டது. மலைகளுக்கிடையே வளைந்துவரும் புக்ஹான் ஆற்றை ஒட்டியே அது பெரிதும் செல்கிறது. அவ்வழியிலுள்ள தேசோங்ரி, சோங்ப்யோங், கப்யோங், காங்சோன் ஆகிய ஊர்கள் மாணவர் தங்குமிடங்களாகவே பெயர்பெற்றவை. இரண்டு தலைமுறைக்கு முந்தைய மாணவர்கள் கித்தார் இசைத்துப் பாடியபடி மெதுவாகச் சென்ற தொடர்வண்டியின் நினைவு, இன்று பாட்டன்மாராகிவிட்ட கொரியரிடம் இன்னும் உண்டு. 2010ஆம் ஆண்டு திசம்பரில் அத்தடம் மின்மயமான இரட்டைப் பாதையாக மாறியது. பயண நேரம் சுருங்கியது. பாடல்கள் பல பாடுவதற்குள் ஊர் வந்துவிடுகிறது.

தங்கும் வீடுகளுக்குப் பென்ஷன் என்று பெயர். தமிழ்நாட்டு மாணவர் முதன்முறை கேட்டால், ஓய்வூதியத்துக்கும் ஆற்றங்கரை வீட்டுக்கும் என்ன தொடர்பு என்று திகைப்பார். ஐரோப்பாவில் சிறு விடுதிகளைக் குறித்த சொல் அங்குச் சென்று சேர்ந்த வடிவம் அது. அகன்ற ஒற்றைக் கூடம், ஒரு சமையலறை, வெளியே கரியடுப்பு. பெரும்பாலான பென்ஷன்களில் இவை இருக்கும். கட்டில்கள் இரா. தரையின்கீழ் வெப்பத்தைச் செலுத்தித் தளத்தைச் சூடாக்கும் 'ஒந்தோல்' முறை கொரிய வீடுகளின் தொன்மையான அமைப்பு. அச்சூடான தரையில் மெத்தை விரித்து, பலர் தோளோடு தோள் சேர்த்து வரிசையாகப் படுத்துறங்குவர். திருமண வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து உறங்கிய பழக்கமுடைய நம் மாணவருக்கு இது புதிதன்று. தனியறையில் மட்டுமே உறங்கி வளர்ந்தவருக்கோ அது முதல் சோதனை.

அடுப்பும் அணியும்

புறப்படுமுன்னரே மாணவர்கள் 'ஜோ' எனப்படும் சிறு குழுக்களாகப் பிரிக்கப்படுவர். ஒவ்வொரு குழுவிலும் முதலாண்டு மாணவர், மூத்தவர், அயல்நாட்டவர் ஆகியோர் கலந்திருக்குமாறு அமைப்பது வழக்கம். நட்புடையோர் ஒன்றாக ஒதுங்கிவிடாமல் தடுப்பதே இதன் நோக்கம். தலைக்கு இவ்வளவு எனத் திரட்டிய பணத்தில் அரிசி, இறைச்சி, கீரை, முட்டை, 'ராம்யோன்' என்னும் உடனடி நூடுல்ஸ் ஆகியவற்றை வாங்குவர். எத்தனை பேருக்கு எவ்வளவு அரிசி என்னும் கணக்கில் தவறினால் இரவில் பட்டினி. கூடிப்போனால் காலையிலும் அதே சோறு. ஒருவர் அடுப்பு மூட்ட, ஒருவர் பூண்டு உரிக்க, ஒருவர் இறைச்சியைக் கத்தரிக்கோலால் துண்டாக்க, உணவு ஒருவாறு உருப்பெறும். கத்தரிக்கோல் அங்குச் சமையற்கருவி. அதைக் கண்டு வியக்கும் அயல்நாட்டவருக்கு அதையே கையில் கொடுத்துவிடுவதும் உண்டு. நம் நாட்டுச் சிறுவர்கள் வீட்டுக்கு வீடு அரிசியும் பருப்பும் பெற்றுவந்து தோப்பில் ஆக்கிய கூட்டாஞ்சோற்றின் வளர்ந்த வடிவம் இது எனலாம்.

சேர்ந்து உண்பதைவிடச் சேர்ந்து சமைப்பது ஏன் மிகுதியாகப் பிணைக்கிறது? சமூக உளவியலறிஞர் முசாபர் ஷெரீப் 1954இல் அமெரிக்காவின் ஒக்லகோமா மாநிலத்தில் நடத்திய ஆய்வு இங்கு நினைக்கத்தக்கது. ஏறத்தாழப் பதினொரு வயதுடைய 22 சிறுவரை அவர் கோடைமுகாம் ஒன்றில் இரு குழுக்களாகப் பிரித்தார். போட்டிகள் தொடங்கியதும் குழுக்களிடையே பகை மூண்டது. ஒருவர் கொடியை மற்றவர் எரித்தனர். பகையைத் தணிக்க இரு குழுவினரையும் ஒரே கூடத்தில் உண்ணவைத்தபோது, உணவை ஒருவர்மேல் ஒருவர் எறிந்துகொண்டதே மிச்சம். பின்னர் முகாமின் குடிநீர்க் குழாய் அடைபட்டது. உணவு கொண்டுவர வேண்டிய சரக்குந்து நகர மறுத்தது. இரு குழுவும் கைகோத்தாலன்றித் தீராத இடர்கள் இவை. அவற்றை ஒன்றாக நின்று தீர்த்தபின்னரே பகை தளர்ந்தது. அவ்விடர்களை ஆய்வாளர்களே திட்டமிட்டு உருவாக்கினர். சிறுவரை இவ்வாறு ஆட்டிவைத்தது முறையா என்னும் வினா பின்னாளில் எழுந்தது. அது நேர்மையான வினாவே. எனினும், உடனிருத்தல் மட்டும் உறவாகாது, ஒருவர் தனித்துச் செய்யவியலாத பணி வேண்டும் என்னும் அதன் முடிவு, ஆற்றங்கரை அடுப்பருகே ஆண்டுதோறும் மெய்ப்பிக்கப்படுகிறது.

உண்டபின் ஆட்டம். பகலாயின் வலைக்கு மேலே பந்தைக் காலாலும் தலையாலும் அடிக்கும் 'ஜொக்கு'. 1960களில் விமானப்படை வீரரிடையே தோன்றிய கொரிய விளையாட்டு அது. இரவாயின் வட்டமாக அமர்ந்து ஆடும் சொல்லாட்டங்கள். அவற்றுள் 'மூன்று-ஆறு-ஒன்பது' மிகவும் பரவலானது. ஒன்றிலிருந்து ஒருவர்பின் ஒருவராக எண்ணிவர வேண்டும். 3, 6, 9 ஆகிய இலக்கங்களைக் கொண்ட எண் வந்தால் வாய்திறவாமல் கை தட்ட வேண்டும். 13க்கு ஒரு தட்டு, 33க்கு இரண்டு. முப்பதிலிருந்து முப்பத்தொன்பது வரை ஒலிப்பது கைத்தட்டல் மட்டுமே. கொரிய மொழியில் எண்ணுப்பெயர்கள் இருவகை: நாட்டு வழக்கு ஒன்று, சீன வழியாக வந்தது மற்றொன்று. இவ்வாட்டத்துக்குரியது பின்னது. எந்தச் சூழலில் எந்த வகை என்று பாடநூலில் தடுமாறிய அயல்நாட்டு மாணவர், பத்து நிமிடத்தில் நூறுவரை பிழையின்றி எண்ணக் கற்றுவிடுவார். தவறுபவர் அனைவரும் சிரிக்கத் தவறுவதால் தவறும் அங்கு நாணத்துக்குரியதன்று. கொரியரும் அதே வேகத்தில் தடுமாறுவதைக் கண்கூடாகக் காண்பது வேற்றுமொழியாளருக்கு மிகப் பெரிய ஆறுதல்.

மூத்தோரும் இளையோரும்

ஓராண்டு முன்னர்ச் சேர்ந்தவர் 'சொன்பே'. பின்னர்ச் சேர்ந்தவர் 'ஹூபே'. தமிழில் 'வந்தாய்', 'வந்தீர்கள்' என வினைமுற்றே மதிப்பைக் காட்டுவதுபோல் கொரிய மொழியிலும் வினையின் ஈறு மதிப்பைச் சுமக்கிறது. அங்கு அதன் படிநிலைகள் இன்னும் பல. மூத்தவரைப் பெயர் சொல்லி மட்டும் அழைத்தல் பிழை. அண்ணன், அக்கா என்னும் பொருள்தரும் சொற்கள் உறவல்லாதார்க்கும் வழங்கும். ஐரோப்பிய மாணவர் பழகுவதற்குத் திங்கள் பல பிடிக்கும் இவ்வழக்கம், தெருவில் காணும் அயலாரையும் அண்ணா என அழைக்கும் தமிழ்நாட்டு மாணவருக்கு முதல் நாளிலேயே கைவந்துவிடும். இருவர் நெருங்கியபின் மதிப்பு ஈற்றை விடுத்துப் பேசத் தொடங்குவதைக் கொரியர் 'பேச்சை இறக்கிவைத்தல்' என்பர். சுமையை இறக்கிவைப்பது போன்ற உருவகம் அது. அதற்கு முன்மொழிய வேண்டியவர் மூத்தவரே. பல மாணவரிடையே அம்முன்மொழிவு எம்.டி. இரவில்தான் நிகழ்கிறது.

இந்த ஏணிப்படிக்கு மற்றொரு முகமும் உண்டு. உடல்தகுதியுள்ள கொரிய ஆண்கள் கட்டாயப் படைப்பணி ஆற்ற வேண்டும். பலர் படிப்பை இடையில் நிறுத்திச் சென்று, பணி முடித்து மீள்வர். படைமுகாமின் கட்டளைப் பழக்கம் அவர்களோடு பல்கலைக்கழகத்துள்ளும் நுழைந்தது. இளையோரை வரிசையில் நிறுத்தி மிரட்டுதல், விருப்பமற்றவரை மது அருந்த வற்புறுத்தல் போன்ற கொடுமைகள் எம்.டி.யின் பெயரால் நடந்தன. அவற்றால் உயிரிழப்பும் நேர்ந்ததுண்டு. கோர்டன் ஆல்போர்ட் என்னும் உளவியலறிஞர் 1954இல் வெளியிட்ட நூலில், வேறுபட்ட மக்கள் கலந்து பழகுவதால் முற்சாய்வு குறைய வேண்டுமெனில் நான்கு நிலைமைகள் தேவை என்றார்: ஒத்த தகுதி, பொது இலக்கு, கூட்டுழைப்பு, நிறுவனத்தின் ஆதரவு. எம்.டி.யில் பின்னைய மூன்றும் உண்டு. முதலாவது மட்டும் எளிதில் கிட்டுவதில்லை. மறுக்கும் உரிமை இல்லாத இடத்தில் கூடுதல், கூடுதலாகாமல் கட்டளையாகிவிடுகிறது.

2014ஆம் ஆண்டு

2014 பிப்ரவரி 17 அன்று கியோங்ஜு நகரின் மலைவிடுதி ஒன்றில் பூசான் அயல்மொழிப் பல்கலைக்கழகத்தின் புதுமுக மாணவர்க்கான வரவேற்புப் பயணம் நடந்துகொண்டிருந்தது. பல நாள் பெய்த பனி கூரைமேல் குவிந்திருந்தது. அதை அகற்றுவார் இல்லை. இரவில், நூற்றுக்கணக்கானோர் கூடியிருந்த உடற்பயிற்சிக் கூடத்தின் கூரை சரிந்தது. பத்துப்பேர் இறந்தனர், நூற்றுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். கட்டுமானத்தில் தரக்குறைவு இருந்தமை விசாரணையில் வெளிப்பட்டது. தப்பி வெளியே வந்த மாணவர் ஒருவர், உள்ளே சிக்கியோரை மீட்க மீண்டும் நுழைந்து உயிர்நீத்தார்.

அத்துயர் ஆறுமுன், ஏப்பிரல் 16 அன்று செவோல் என்னும் பயணக் கப்பல் ஜேஜு தீவுக்குச் செல்லும் வழியில் கவிழ்ந்தது. இறந்தோர் 304 பேர். அவர்களுள் 250 பேர் கல்விச் சுற்றுலா சென்ற ஒரே பள்ளியின் மாணவர். தமிழ்நாட்டு அளவில் பதினொன்றாம் வகுப்பினர். கப்பல் சாயும்போது, இருந்த இடத்திலேயே இருக்குமாறு ஒலிபெருக்கி அறிவித்தது. மூத்தோர் சொல்லைத் தட்டாது வளர்ந்த பிள்ளைகள் பலர் அவ்வாறே இருந்தனர். தலைவரும் பணியாளர் சிலரும் முன்னதாகவே கப்பலைவிட்டு வெளியேறினர்.

இவ்விரு நிகழ்வுகளும் கூட்டுப்பயணத்தைப் பற்றிய கொரியரின் எண்ணத்தை அசைத்தன. தங்குமிடத்தின் பாதுகாப்பை முன்கூட்டி ஆராய்தல், காப்பீடு, பொறுப்பாசிரியர் உடன்வருகை ஆகியவை வற்புறுத்தப்பட்டன. மது இல்லாப் பயணங்களை அறிவித்த துறைகளும் உண்டு. பெற்றோரும் மாணவரும் 'போக விருப்பமில்லை' என்று சொல்வதைக் குற்றமாகக் கருதாத நிலை மெல்ல உருவாகி வருகிறது.

விருந்தினரா, உறுப்பினரா?

அயல்நாட்டு மாணவரின் சிக்கல்கள் பெரும்பாலும் தட்டிலேயே தொடங்குகின்றன. கரியடுப்பில் சுடப்படுவது வழக்கமாகப் பன்றியிறைச்சி. அதை உண்ணாத இசுலாமிய மாணவர் உண்டு. இறைச்சியே உண்ணாத இந்திய மாணவர் உண்டு. கிம்ச்சி காய்கறி உணவாகத் தோன்றினாலும் அதில் உப்பிட்ட இறாலோ மீன்சாறோ பெரும்பாலும் கலந்திருக்கும். ராம்யோனின் சுவைத்தூளில் மாட்டிறைச்சிச் சாறு இருப்பது இயல்பு. இதனை அறியாத மாணவர் ஓரிரவு முழுதும் வெறுஞ்சோற்றோடு புன்னகைத்துக்கொண்டிருக்க நேரும். முன்கூட்டியே சொல்லிவிடுதல் நன்று. குழுவினர் தனிச்சட்டி ஒன்றில் முட்டையும் பூசணியும் வதக்கித் தந்தால், அவர் அங்கு விருந்தினர். அவரே அடுப்பருகே நின்று தம் ஊர்ச் சமையலைச் செய்து பிறர்க்கும் பரிமாறினால், உறுப்பினர். வேறுபாடு சிறிதாகத் தோன்றும். மறுநாள் வகுப்பறையில் அது புலப்படும்.

கொரிய மொழியில் 'என் வீடு', 'என் நாடு' என்று சொல்வது அரிது. 'எங்கள்' என்பதே வழக்கு. ஆனால் தமிழில் உள்ள 'நாங்கள்', 'நாம்' என்னும் பாகுபாடு அச்சொல்லில் இல்லை. கேட்பவரை விலக்கியும் சேர்த்தும் பேச 'ஊரி' என்னும் சொல் வழங்கும். ஆகவே, கொரிய நண்பர் 'ஊரி' என்னும்போது தாம் அதனுள் அடங்குகிறோமா என்பதை அயல்நாட்டவர் சொல்லைக்கொண்டு அறிய முடியாது. சூழலைக்கொண்டே உய்த்துணர வேண்டும்.

2020இலும் 2021இலும் பெருந்தொற்று இப்பயணங்களைப் பெரும்பாலும் நிறுத்தியது. அவ்வாண்டுகளில் சேர்ந்தோர் கணினித்திரையிலேயே வகுப்புத்தோழரைக் கண்டனர். அவர்களுக்குக் 'கொரோனா ஆண்டினர்' என்றே பெயர் நிலைத்தது. 2022இல் கட்டுப்பாடுகள் நீங்கி ஆற்றங்கரை ஊர்களில் மீண்டும் அடுப்பு எரிந்தபோது, வழிநடத்த வேண்டிய சொன்பேக்கள் பலருக்கும் அதுவே முதல் எம்.டி. அரிசிக் கணக்கு முதல் ஆட்ட விதி வரை சொல்லித்தர வேண்டியவர்களே அறியாதிருந்தனர். மூத்தவரும் இளையவரும் அயல்நாட்டவரும் ஒரே அளவு அறியாமையோடு ஒரே பானையைச் சுற்றி நின்ற ஆண்டு அது.