இடி கேட்ட பிறகு இருபது நிமிடம்

யான் கரைக்கு எதிரே புலாவ் புந்திங், சோங்சோங், தெலோர், பீடான் எனச் சிறு தீவுகள் இருக்கின்றன. வார இறுதியில் தூண்டில் போட அந்தப் பக்கம் படகேறுகிறவர்களில் கல்லூரி மாணவர்களும் உண்டு. வெயில் ஏறும் முன் மீன் நன்றாகக் கடிக்கும் என்று பலர் இருட்டிலேயே கிளம்பிவிடுவார்கள். கவனிக்க வேண்டியது அந்த நேரத்தைத்தான்.

மே முதல் செப்டம்பர் வரை நீடிக்கும் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலம் மழை குறைந்தது என்று பள்ளியில் படித்திருப்போம். தீபகற்பத்தின் பெரும்பகுதிக்கு அது சரிதான். ஆனால் 'சுமத்ரா' என்றே பெயர் பெற்ற காற்று வீசுவதும் இதே காலத்தில்தான். இரவில் சுமத்ரா தீவின் மீதோ மலாக்கா நீரிணையிலோ இடிமேகங்கள் திரளும். அவை ஒரே வரிசையாகக் கிழக்கே நகர்ந்து, விடியலுக்கு முன்போ காலையிலோ நமது மேற்குக் கரையைத் தாக்கும். காற்றின் வேகம் மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வரை இருக்கும். 2024 செப்டம்பர் 17-ஆம் தேதி சிங்கப்பூரில் இத்தகைய காற்று 83.2 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டது.

பருவமாற்ற மாதங்களான ஏப்ரலிலும் அக்டோபரிலும் நிலைமை வேறு. அப்போது பிற்பகலிலும் மாலையிலும்தான் இடிமழை அதிகம். 1,217 மீட்டர் உயர ஜெராய் மலை ஒரு காலத்தில் கடாரத்துக்கு வந்த கப்பல்களுக்கு வழிகாட்டியது. மதியத்துக்குப் பின் அதன் உச்சியில் மேகம் கறுத்து உயர்வதைப் படகில் இருப்பவர்கள் இன்றும் பார்த்துக்கொள்வது நல்லது.

மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் இடிமழை எச்சரிக்கை குறுகிய காலத்துக்கு உரியது. ஒவ்வொரு எச்சரிக்கையும் அதிகபட்சம் ஆறு மணி நேரத்துக்கே செல்லும். அதனால் முன்தினம் இரவு முன்னறிவிப்பைப் பார்த்துவிட்டுத் தூங்கினால் போதாது. படகுத்துறையில் நின்று 'மைசுவாச்சா' செயலியை மறுபடியும் திறக்க வேண்டும். கரையிலிருந்து விலகினால் கைப்பேசிக்கு அலைவரிசை கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. எச்சரிக்கையில் கெடா கடற்பகுதி குறிப்பிடப்பட்டிருந்தால், முன்பணம் போனாலும் பயணத்தைத் தள்ளிப்போடலாம்.

கடலில் இருக்கும்போதே இடி கேட்டால்? இடியோசை ஏறத்தாழ 15 கிலோமீட்டர் வரைதான் கேட்கும். மேகம் மணிக்கு 45 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால், உங்களை அடைய 20 நிமிடம். மணிக்கு 20 கிலோமீட்டர் ஓடும் படகு அதற்குள் ஏழு கிலோமீட்டர்கூடப் போயிருக்காது. மழைக்கு முன்பே காற்று வந்துவிடும் என்பதால் உண்மையான அவகாசம் இன்னும் குறைவு. போதாக்குறைக்கு, இயந்திரச் சத்தம் இடியோசையை மறைத்துவிடும். ஆகவே காதைவிடக் கண்ணை நம்புங்கள். மின்னல் தெரிந்ததிலிருந்து இடி கேட்கும் வரை நொடிகளை எண்ணி மூன்றால் வகுத்தால், தூரம் கிலோமீட்டரில் கிடைக்கும். காற்றில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 340 மீட்டர்; இயற்பியல் பாடத்தில் வருவதுதான்.

மின்னலைப் பற்றியே பேசுகிறோம். படகு கவிழ்வதும் அதே அளவு ஆபத்து. உயிர்காப்பு அங்கி இருக்கைக்கு அடியில் கிடந்து பயனில்லை. காற்று அடிக்கத் தொடங்கிய பின் ஆடும் படகில் அதன் வார்களை மாட்டுவது எவ்வளவு சிரமம் என்பது முயன்றவர்களுக்குத் தெரியும். புறப்படும்போதே அணிந்துவிடுங்கள். கார்பன் தூண்டில்கோல் மின்சாரத்தைக் கடத்தும். அதைக் கீழே கிடத்த வேண்டும். கூரையில்லாப் படகென்றால், உலோகப் பாகங்களைத் தொடாமல் தாழ்வாக உட்கார வேண்டும். அலையைப் பக்கவாட்டில் வாங்காமல், முன்முனையைச் சற்றுச் சாய்வாக அலைக்கு எதிரே வைத்து மெதுவாகச் செலுத்துவது படகோட்டியின் வேலை. அவர் கவனத்தைக் கலைக்காமல், எடையைச் சமமாக்கி உட்கார்ந்திருப்பது மற்றவர்களின் வேலை. ஆற்று முகத்துவாரத்தில் மணல்திட்டு மீது அலை உடைந்துகொண்டிருந்தால், கரை கண்ணெதிரே தெரிந்தாலும் அவசரப்பட்டு நுழையக்கூடாது.

கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆன பிறகே மறுபடி தூண்டிலைத் தொடலாம். உதவி தேவைப்பட்டால் 999. கடல் வானொலி இருந்தால் 16-ஆவது அலைவரிசை. எந்தத் தீவுப் பக்கம் போகிறீர்கள், எத்தனை பேர், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதைப் புறப்படும் முன் வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள். அந்த நேரம் கடந்தும் நீங்கள் வரவில்லையென்றால், எங்கே தேடச் சொல்வது என்று அம்மாவுக்குத் தெரிந்திருக்கும்.