ஃபைனல் ஆடாத கேப்டன்!

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் சோமனூர் பேக்கரியில் டீ குடிச்சிருக்கீங்களா பாஸ்? தறிச் சத்தம் ஓய்ஞ்ச காதுல தமிழோட இந்தி, ஒடியா எல்லாம் சேர்ந்து விழும். ‘எந்த ஊரு தம்பி?’னு கேட்டா, சிலர் ‘ஜார்க்கண்ட்’னு சொல்வாங்க. உடனே நமக்கு ஞாபகம் வர்றது தோனி! ஆனா, தோனிக்கு ரொம்ப முன்னாடியே அந்த மண்ணுல ஒரு கேப்டன் இருந்தார். பேரு, ஜெய்பால் சிங் முண்டா.

1903-ல் ராஞ்சி பக்கம் டக்ரா கிராமத்தில், முண்டா பழங்குடிக் குடும்பத்தில் பிறந்தவர். மிஷன் பள்ளியில் படித்த பையனை ஒரு பாதிரியார் இங்கிலாந்துக்கு அழைத்துப் போனார். ஆக்ஸ்போர்டில் படிப்பு, கூடவே ஹாக்கி. ரெண்டிலும் பின்னியெடுத்து, ஐ.சி.எஸ்ஸுக்கும் தேர்வானார். கலெக்டர் கனவு கைக்கெட்டுற தூரம்!

அங்கேதான் சிக்கல். 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் இந்திய ஹாக்கி அணிக்குக் கேப்டனாக அழைப்பு. ஐ.சி.எஸ். பயிற்சியில் லீவு கிடையாது என்றார்கள். நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க? மனுஷன் கிளம்பிட்டார்!

இந்தியா 5 மேட்ச்சில் 29 கோல் போட்டது. வாங்கியது? முட்டை! நம் முதல் ஒலிம்பிக் ஹாக்கி தங்கம் அதுதான். ஆனால், ஃபைனலில் ஜெய்பால் இல்லை. அதற்கு முன்பே அணியை விட்டு விலகியிருந்தார். திரும்பிப் போனால், ‘பயிற்சியை இன்னொரு வருஷம் செய்’ என்றார்கள். வேலையே வேணாம்னு உதறிட்டார்.

அதற்கப்புறம்தான் பெரிய மேட்ச். 1939-ல் ஆதிவாசி மகாசபையின் தலைவர். 1946 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எழுந்து, ‘பழங்குடிகளுக்கு ஜனநாயகத்தை நீங்க சொல்லித் தரவேண்டாம், அவங்ககிட்ட கத்துக்கோங்க’ என்கிற அர்த்தத்தில் போட்டார் ஒரு போடு. 1952 தேர்தலில் அவரது ஜார்க்கண்ட் கட்சி, பீகாரின் பிரதான எதிர்க்கட்சி ஆனது. 1963-ல் அதைக் காங்கிரஸோடு இணைத்தது கூட இருந்தவர்கள் பலருக்குப் பிடிக்கவில்லை. 1970-ல் இறந்தார். அவர் கேட்ட தனி மாநிலம் பிறந்தது 2000 நவம்பர் 15-ல். அந்த ஃபைனலிலும் அவர் இல்லை!

குத்துச்சண்டை சாம்பியன் விட்டாலி கிளிட்ச்கோ 2014-ல் உக்ரைனின் கீவ் நகர மேயரானதை உலகமே பேசியது. நம்ம ஊர் கதையைத்தான் நாம பேசலை.

அடுத்த தடவை பேக்கரியில் பக்கத்துல நிக்கிறவரை ‘ஏய், இந்திக்காரா’னு கூப்பிடறதுக்கு முன்னாடி, பேரைக் கேளுங்க. அவர் இந்திக்காரராவே இல்லாம இருக்கலாம். வீட்டுல முண்டாரி பேசற, ஜெய்பாலோட ஊர்க்காரரா இருக்கலாம்!