பிரதியெடுக்கும் கருவிகள்

சேர்வராயன் மலையில், ஏற்காட்டுக்கு அப்பால், காப்பிச் செடிகளுக்கும் மிளகுக் கொடிகளுக்கும் நடுவே அமைந்த மாரமங்கலம் போன்ற ஊர்களில், கைப்பேசிச் சமிக்ஞை ஒரு மேட்டில் கிடைத்து அடுத்த பள்ளத்தில் மறைந்துவிடுவது சகஜமாகையால், ஒரு கணினியில் உள்ள பாடமோ படமோ மற்றொரு கணினிக்குப் போய்ச் சேரவேண்டுமானால், அது பென் டிரைவில் ஏறி, யாரேனும் ஒருவருடைய சட்டைப்பையில் பிரயாணம் செய்துதான் போகவேண்டியிருக்கிறது. இந்நிலையில் உள்ளவர்களுக்குக் கோப்புகளைப் பிரதியெடுக்கும் கலை அத்தியாவசியமான ஒரு வித்தை.

பெருந்தொற்றினால் பள்ளிகள் மூடிக்கிடந்த 2020 ஜூலையில், 2011 முதல் வழங்கிவந்த விலையில்லா மடிக்கணினிகளையே சாதனமாகக் கொண்டு, பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் அவற்றைப் பள்ளிக்குக் கொண்டுவந்து, உயர் தொழில்நுட்ப ஆய்வகத்திலிருந்து காணொளிப் பாடங்களை ஏற்றிக்கொண்டு போகும்படி தமிழ்நாட்டு அரசு ஏற்பாடு செய்தது. இணையம் எட்டாத வீட்டுக்குப் பாடத்தைக் கொண்டுசேர்க்கும் உபாயமாக அன்று கைகொடுத்தது இந்தப் பிரதியெடுக்கும் காரியமே.

அந்தக் காரியம் ஏன் சில வேளை மின்னலாகவும் சில வேளை நத்தையாகவும் நடக்கிறது? யூஎஸ்பி 2.0 என்னும் இணைப்பு, ஏட்டளவில் விநாடிக்கு 480 மெகாபிட் சுமக்கவல்லது. நடைமுறையில் விநாடிக்கு முப்பது மெகாபைட்டைச் சற்றே தாண்டும். பத்தாயிரம் மெகாபைட் பாடங்கள் ஐந்தாறு நிமிஷத்தில் போய்ச் சேரவேண்டும். ஆனால் மலிவான பென் டிரைவ்கள் பல, விநாடிக்கு ஐந்து மெகாபைட்டுக்குமேல் எழுதமாட்டாமல் அரைமணிக்கும் மேலாக இழுத்தடிக்கின்றன. அதனினும் விசித்திரம், ஒரே அளவுள்ள சுமை ஒரு பெரிய கோப்பாக இருந்தால் விரைந்து போவதும், ஆயிரம் சிறு கோப்புகளாக இருந்தால் தள்ளாடுவதுமாகும். காப்பிப் பழம் பறிக்கும் நாட்களில் மாலையில் ஒவ்வொருவர் கூடையையும் தனித்தனியே எடைபோட்டுப் பெயருக்கு நேரே பதிந்துகொள்வதைப் பார்த்தவர்கள் இதன் காரணத்தை எளிதில் உணர்வார்கள்: பழத்தைக் கொட்டுவதற்கு ஆகும் நேரம் சொற்பம், பதிவேட்டுக்கு ஆகும் நேரமே அதிகம். கணினியும் ஒவ்வொரு கோப்புக்கும் பெயர், அளவு, தேதி, வட்டில் அது அமர்ந்த இடம் ஆகியவற்றைத் தன் அட்டவணையில் எழுதியாகவேண்டும். பென் டிரைவில் உள்ள ஃபிளாஷ் நினைவகமோ எழுதுவதைச் சிறு பக்கங்களாகவும், அழிப்பதைப் பல பக்கங்கள் சேர்ந்த பெருந்தொகுதிகளாகவும் செய்யும் இயல்புடையதாகையால், துண்டு துண்டாக எழுதுவது அதற்கு மிகவும் பிரயாசை. ஆகவே சிறு கோப்புகளை ஜிப் ஆகக் கட்டி, ஒன்றாக அனுப்புவதே உத்தமமான உபாயம். இதற்குத் தனி மென்பொருள்கூட வேண்டியதில்லை.

இந்தத் தடைகளை அறிந்து பிறந்தவையே பிரதியெடுக்கும் கருவிகள். ஜப்பானியரான ஷிரோசு ஹிரோஅகி எழுதிய ஃபாஸ்ட்காப்பி, மூலமும் இலக்கும் ஒரே வட்டில் இருந்தால், நினைவகம் நிரம்பும்வரை படித்துவிட்டுப் பிறகு மொத்தமாக எழுதும். இரண்டும் வெவ்வேறு வட்டுகளானால் படிப்பதையும் எழுதுவதையும் ஏககாலத்தில் நடத்தும். ஒரே வட்டில் மொத்தமாகப் படித்து மொத்தமாக எழுதுவது, சுழலும் வட்டின் படிக்கும் முனை இங்கும் அங்குமாக அலையும் வீண் சிரமத்தைத் தவிர்க்கிறது. டெராகாப்பி என்பது, ஒரு கோப்பு பழுதாயிருந்தால் வேலை முழுவதையும் நிறுத்தாமல் அதை மாத்திரம் விட்டு மேலே சென்று, முடிவில் எது தவறியது என்று தெரிவிக்கும். விஸ்டா காலம் முதல் விண்டோஸிலேயே அமைந்திருக்கும் ரோபோகாப்பி, அறுபட்ட இடத்திலிருந்து மீண்டும் தொடங்கும் திறமுடையது; மழைக்காலத்தில் மின்சாரம் நின்று நின்று வரும் மலையூர்களில் இதன் அருமை தெரியும். ஆனால் அதன் 'மிரர்' கட்டளை, மூலத்தில் இல்லாதவற்றை இலக்கிலிருந்து அழித்துவிடுமாதலால், முதலில் வெறும் பட்டியலை மாத்திரம் காட்டச்சொல்லிப் பார்த்துக்கொள்வது அவசியம்.

லினக்ஸ் உலகில், ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல், பால் மக்கராஸ் என்னும் இருவர் 1996இல் வெளியிட்ட ஆர்சிங்க் இருக்கிறது. வலைவழியே அனுப்பும்போது கோப்பைத் துண்டங்களாக வகுத்து, மாறிய பகுதியை மட்டும் அனுப்பும் யுக்தி அதன் கீர்த்திக்குக் காரணம். பென் டிரைவுக்கு எடுக்கும்போதோ, அளவும் தேதியும் மாறாத கோப்புகளைத் தொடாமல் தாண்டிச் செல்வதே பெரும் லாபம். நேற்று நூறு பாடங்கள் எடுத்தவர் இன்று புதிதாக வந்த மூன்றை எடுக்க, நூற்று மூன்றையும் மறுபடி எழுதவேண்டிய அவசியமில்லை.

இவை பெரும்பாலும் வேகத்தைப் பற்றியவை. எனக்கோ, வேகத்தைக் காட்டிலும் சரிபார்ப்பே பிரதானமாகத் தோன்றுகிறது. திரையில் பட்டை நிறைந்துவிட்ட க்ஷணத்திலும் கடைசிப் பகுதி இன்னும் கணினியின் நினைவகத்திலேயே காத்திருக்கக்கூடும். அப்போது பென் டிரைவைப் பிடுங்கினால் கோப்பின் பெயர் இருந்தும், உள்ளடக்கம் முழுமையாக இராமற்போகலாம். ஃபாஸ்ட்காப்பியும் டெராகாப்பியும், பிரதியை மறுபடி படித்து, அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட முத்திரையை (ஹாஷ்) மூலத்தின் முத்திரையோடு ஒப்பிட்டு, இரண்டும் ஒன்றே என்று உறுதிசெய்ய வல்லவை. அதற்குக் கூடுதலாகச் சில நிமிஷம் பிடிக்கலாம்; மலைப்பாதையில் நெடுந்தூரம் நடந்து வீடு திரும்பி, பாடம் திறக்கவில்லை என்று கண்டு மறுபடி இறங்கிவர நேரும் பிள்ளைக்கு அந்தச் சில நிமிஷம் ஒரு நாளை மிச்சப்படுத்தித் தரும்.

வந்து சேர்ந்த கோப்புகள் கிடக்கும் இடமான மேசைத்திரை, 1981இல் ஜெராக்ஸ் ஸ்டார் என்னும் கணினியில் வணிகச் சந்தைக்கு வந்தது. மேசைத்திரையில் எல்லாவற்றையும் குவித்துவைப்பவர்களுக்காக, படவுருக்களை எல்லை கட்டிப் பிரித்துவைக்கும் ஃபென்சஸ் என்னும் மென்பொருளை ஸ்டார்டாக் நிறுவனம் உண்டாக்கியது. பார்வைக்கு அது நன்றாக இருக்கிறதேயன்றி, பாடங்களை ஒழுங்குசெய்யும் வேலையைப் பாட வாரியான கோப்புறைகளே செவ்வனே செய்யும் என்பது என் அபிப்பிராயம். எவ்ரிதிங் என்னும் தேடுகருவி வேறு ரகம். என்டிஎஃப்எஸ் முறையில் அமைந்த வட்டின் முதன்மை அட்டவணையை நேரே படித்துவிடுவதால், லட்சக்கணக்கான பெயர்களில் வேண்டியதைத் தட்டச்சு செய்யும்போதே காட்டிவிடும். பென் டிரைவ்கள் பெரும்பாலும் ஃபேட் முறையில் அமைந்தவை. அவற்றில் அத்தகைய அட்டவணை இல்லை. ஆகையால் அவற்றில் வைக்கும் கோப்புகளுக்கு, ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தேதியை முன்னே எழுதி, பாடத்தின் பெயரைப் பின்னே எழுதினால், எந்தக் கணினியில் செருகினாலும் அவை தாமாகவே காலவரிசையில் வந்து நிற்கும்.